மார்த்தாண்டத்திலிருந்து ஆக்‌ஷன் பிஸ்டல் போட்டிக்கு: எங்கிருந்து தொடங்குவது?

மார்த்தாண்டத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பருக்கு வயது 25. தடுப்புகளுக்குப் பின்னாலிருந்தும் ஓடிச்சென்றும் அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுடுகிற ஆக்‌ஷன் பிஸ்டல் போட்டிகளைக் காணொளிகளில் பார்த்து அவருக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது. எந்தத் துப்பாக்கி வாங்கலாம், அதற்கு லைசென்ஸ் கிடைக்குமா, எல்லோரும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கச் சொல்கிறார்களே அது நேரத்தை வீணாக்குவதாகாதா, கண்ணாடி அணிபவரால் இதைச் செய்ய முடியுமா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். நான்கின் அடியிலும் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குப் படுகிறது. குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு, சட்டத்துக்கு உட்பட்டு, இந்த விளையாட்டுக்குள் உண்மையாகவே நுழைய முடியுமா என்பதுதான் அது. முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற வாசல் வழியாக முடியாது. துப்பாக்கி வாங்குவது இந்தப் பாதையின் முதல் படி அல்ல, மிகவும் பிந்திய படி.

என் அனுபவத்தின் எல்லையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாள்களில் ஏர் பிஸ்டலில் தொடங்கி, பின்னர் வேலைக்காக மெல்போர்னில் இருந்த ஒன்பது ஆண்டுகளில் அங்குள்ள ஒரு சங்கத்தில் சேர்ந்து ஆக்‌ஷன் போட்டிகளில் சுட்டேன். கடைசி நான்கு ஆண்டுகள் ரேஞ்ச் ஆபீசராகவும், அதாவது சுடுபவரின் அருகில் நின்று பாதுகாப்பையும் விதிகளையும் கண்காணிப்பவராகவும், நின்றேன். இப்போது நாகர்கோவிலில் சில பிள்ளைகளுக்கு ஏர் பிஸ்டல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே போட்டி விதிகளைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வது ஒரு விளையாட்டுக்காரன் தன் தேவைக்காகக் கற்றுக்கொண்டது மட்டுமே. நான் வழக்கறிஞன் அல்ல என்பதால், விண்ணப்பம் எழுதுகிற நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முதலில் விளையாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் காணொளிகள் அதன் ஒரு பாதியைத்தான் காட்டுகின்றன. நீங்கள் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் விதிகளின்படி நடப்பவை. 1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் அது தோன்றியது. துல்லியம், ஆற்றல், வேகம் என்ற பொருள்தரும் மூன்று லத்தீன் சொற்கள் அதன் முழக்கம். அந்த வரிசையில் துல்லியம் முதலில் நிற்பதையும் வேகம் கடைசியில் நிற்பதையும் கவனியுங்கள். மதிப்பெண் கணக்கும் அதையே சொல்கிறது. ஒவ்வொரு சுற்றிலும், அதாவது ஸ்டேஜிலும், பெற்ற புள்ளிகளை எடுத்துக்கொண்ட விநாடிகளால் வகுப்பார்கள். 9 மி.மீ. துப்பாக்கியோடு சுடுபவர்களுக்கு அட்டை இலக்கின் ‘ஏ’ பகுதிக்கு 5 புள்ளி, ‘சி’ பகுதிக்கு 3, ‘டி’ பகுதிக்கு 1. இலக்கைத் தவறவிட்டால் அந்த 5 போவதோடு மேலும் 10 கழிக்கப்படும். ஆறு இலக்குகள், இலக்குக்கு இரண்டு குண்டு, மொத்தம் 60 புள்ளி என்ற ஒரு சிறிய ஸ்டேஜை எடுத்துக்கொள்வோம். நிதானமாக ஒருவர் 54 புள்ளியை 9 விநாடியில் எடுத்தால் அவருடைய கணக்கு 6. வேகமாகப் பாய்ந்த இன்னொருவர் பதினொரு குண்டுகளை ‘ஏ’ பகுதியிலேயே போட்டு ஒன்றே ஒன்றைத் தவறவிட்டால் அவர் கையில் 45 தான் மிஞ்சும்; ஏழரை விநாடிக்குள் முடித்தால்தான் முதலாமவருக்குச் சமமாவார். ஒரு தவறிய குண்டின் விலை ஒன்றரை விநாடி. அந்த ஒன்றரை விநாடியைக் காலின் வேகத்தில் ஈட்டுவது எவ்வளவு கடினம் என்பதைச் சுட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இனித் துப்பாக்கி. இங்கேதான் பலரும் பணத்தை இழக்கிறார்கள். உலகெங்கும் இந்தப் போட்டியில் அதிகம் பயன்படுவது 9 மி.மீ. கைத்துப்பாக்கி. நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 7-ஆம் பிரிவின்படி மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் குடிமகன் ஒருவர் அதை வைத்திருக்க முடியாது. ஆட்சியரிடம் விண்ணப்பித்துப் பெறக்கூடியதாகக் கடைக்காரர்கள் காட்டுவது பெரும்பாலும் .32 (குழலின் விட்டம், அங்குலத்தில்) ரிவால்வர் அல்லது பிஸ்டல். ‘இதையாவது வாங்கிப் பழகலாமே’ என்று தோன்றும். ஐபிஎஸ்சி விதிகளில் ஆற்றல் எண் என்று ஒன்று உண்டு: குண்டின் எடையைக் கிரெய்ன் என்ற சிறிய எடை அலகிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும்; விடை குறைந்தது 125 இருந்தால்தான் புள்ளி கிடைக்கும். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு 1,050 அடி வேகத்தில் சென்றால் 130 வருகிறது. வழக்கமான .32 பிஸ்டல் தோட்டாவில் 71 கிரெய்ன் குண்டு சுமார் 900 அடி வேகத்தில் செல்கிறது. கணக்கிட்டால் 64 கூட வராது. அதாவது மாதக்கணக்கில் அலைந்து, பெருந்தொகை கொடுத்து வாங்கிய .32 துப்பாக்கி இந்த விளையாட்டின் தேவையில் பாதியைத்தான் எட்டும். தோட்டாவின் எண்ணிக்கை இன்னொரு தடை. ஒரு நீண்ட ஸ்டேஜுக்கே 32 குண்டு வரை வேண்டும். உரிமத்திலோ ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்ற வரம்பு உண்டு, தற்காப்புக்கென வழங்கப்படும் சாதாரண உரிமத்தின் அளவு தொடர்ந்த பயிற்சிக்குக் காணாது. ஆகவே ‘விளையாட்டுக்காக’ என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு .32 வாங்காதீர்கள். வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கும், விளையாட்டு இருக்காது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி வேறு. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இந்த எல்லைக்குள் அடங்கும். அதிலிருந்து மேலே செல்பவர்களுக்காக அதே விதிகளில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி வகைகள் உள்ளன. 1951-இல் தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் தேசியப் போட்டியில் கலந்துகொண்டு, அது வகுத்த தகுதி மதிப்பெண்ணை எட்டியவருக்குக் கிடைக்கும் ‘புகழ்பெற்ற சுடுநர்’ என்ற தகுதி அவற்றுள் முக்கியமானது. துப்பாக்கிகளின் எண்ணிக்கையிலும் தோட்டாவின் அளவிலும் அத்தகையோருக்குச் சலுகைகள் உண்டு. நம் நாட்டில் துப்பாக்கி விளையாட்டுக்கான நேர்வழி இந்தச் சங்கம், அதன் மாநிலக் கிளை, அதன்கீழ் உள்ள ரைபிள் கிளப்புகள் என்ற ஏணிதான். உங்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகச் சுடுதளம் அமைந்தது. 2017-இலும் 2018-இலும் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் அங்கே நடந்தன. குழித்துறையில் ரயில் ஏறினால் மதுரைக்குப் போவதைவிட அது எவ்வளவோ பக்கம். ஒரு நாள் நேரில் சென்று, வெளியூர்க்காரர்கள் பயிற்சி பெறுவதற்கான நடைமுறையைக் கேட்டு வாருங்கள். பின்னாளில் உரிமம் தேவைப்படும் துப்பாக்கியோடு போகும் நிலை வந்தால், உங்கள் உரிமம் எந்தப் பகுதிவரை செல்லும் என்று அதில் குறித்திருப்பதைப் பார்க்காமல், கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டக் கூடாது.

இப்போது, என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். ஆக்‌ஷன் போட்டியில் ஒருவர் கற்க வேண்டிய முதல் பாடம் சுடுவது அல்ல. சுடாத நேரத்தில் துப்பாக்கியை எப்படி வைத்திருப்பது என்பது. சாதாரணச் சுடுதளத்தில் நீங்கள் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள், குழல் எப்போதும் எதிரேயுள்ள மண்மேட்டைப் பார்க்கிறது. இங்கே நீங்கள் ஓடுகிறீர்கள், குனிகிறீர்கள், திரும்புகிறீர்கள், ஓடும்போதே மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய கூட்டை, மாற்றுகிறீர்கள். அந்த நேரமெல்லாம் குழல் பாதுகாப்பான கோணத்துக்குள் இருக்க வேண்டும். சுடாமல் நகரும்போதும், மேகசின் மாற்றும்போதும், சிக்கிய தோட்டாவை எடுக்கும்போதும் விரல் ட்ரிகரின் வளையத்துக்கு வெளியே, ரேஞ்ச் ஆபீசரின் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். ‘லோடு செய்து தயாராகுங்கள்’ என்ற கட்டளை வரும்வரை துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்கென ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கியை எடுத்துப் பார்க்கலாம், ஆனால் அங்கே தோட்டாவைத் தொடக் கூடாது. கைதவறித் துப்பாக்கி கீழே விழுந்தால் நீங்கள் குனிந்து எடுக்கக் கூடாது, ரேஞ்ச் ஆபீசர்தான் எடுப்பார். இவற்றுள் ஒன்றை மீறினாலும் எச்சரிக்கை கிடையாது. அந்தப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

என் மூன்றாவது போட்டியில் என்னை நீக்கினார்கள். ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்குப் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றினேன். ஓடுகிற பக்கம் உடல் திரும்பியது, உடலோடு கையும் திரும்பியது, குழல் அனுமதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டிவிட்டது. ‘ஸ்டாப்’ என்ற குரல் கேட்டபோதுகூட என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை; அதுதான் என்னை அன்று அதிகம் வருத்தியது. தவறு முழுவதும் என்னுடையது. அதன்பின் ஆறு மாதம் போட்டிக்குப் போகாமல், வெற்றுத் துப்பாக்கியோடு ஓடும் திசையையும் குழலின் திசையையும் பிரித்தறியப் பழகினேன். பிற்காலத்தில் ரேஞ்ச் ஆபீசராக நின்று நான் நீக்கியவர்களுள் பெரும்பாலோர் புதியவர்கள் அல்லர். ஓராண்டு சுட்டு, கை பழகிவிட்டது என்ற நம்பிக்கை வந்தவர்கள்.

இதனால்தான் 10 மீட்டர் ஏர் பிஸ்டலை வீண் என்று நினைக்காதீர்கள் என்கிறேன். அதன் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் பாதி. அதை ஒற்றைக் கையால், நின்ற நிலையில், அறுபது முறை சுட வேண்டும். ட்ரிகரை இழுக்கும்போது குழல் அசையாதிருக்கும் கலையை இதைவிடக் கண்டிப்பாகக் கற்றுத்தரும் ஆசான் வேறில்லை. குண்டு வெளியேறும் கணத்தில் பார்வைக்குறி எங்கே இருந்தது என்பதைப் பார்த்து, இலக்கைப் பாராமலே குண்டு எங்கே பட்டிருக்கும் என்று சொல்கிற பழக்கமும் அதில்தான் வருகிறது. ஆக்‌ஷன் போட்டியில் மிக உயர்ந்த நிலையில் சுடுபவர்கள் நம்பியிருப்பதும் இதே பழக்கத்தைத்தான். அவர்கள் இலக்கில் ஓட்டை தேடி நிற்பதில்லை, கண் குறியில் பார்த்ததை வைத்தே அடுத்த இலக்குக்குப் போய்விடுகிறார்கள். ஏர் பிஸ்டலுக்கு அடுத்த படியாக 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இருக்கிறது. .22 பிஸ்டலால், ஐந்து இலக்குகளில் இலக்குக்கு ஒரு குண்டாக, 8 விநாடியிலும் பிறகு 6 விநாடியிலும் இறுதியில் 4 விநாடியிலும் சுட வேண்டும். கையை 45 பாகை தாழ்த்தி வைத்திருந்து, அடையாளம் கிடைத்ததும் உயர்த்த வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றது இந்தப் பிரிவில்தான். நம் நாட்டின் முறையான போட்டி ஏணிக்குள் ஆக்‌ஷன் சுடுதலின் தாளத்துக்கு மிக அருகில் இருப்பது இதுவே என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னவற்றுள் விதிகளும் அளவுகளும் உறுதியானவை. ஏர் பிஸ்டலில் தொடங்குவது நல்லதா என்பது அப்படியல்ல. அதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. துல்லியப் பிரிவிலிருந்து வருபவர்கள் குறி முழுமையாக அமையும்வரை காத்திருக்கும் பழக்கத்தை விடமுடியாமல் தவிப்பார்கள், ஐந்து மீட்டரில் இருக்கும் அட்டைக்கும் பத்துப் புள்ளி வட்டத்தைத் தேடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அது பொய்யல்ல, எனக்கும் முதலாண்டு அப்படித்தான் இருந்தது. நிற்கும் நிலையும் பிடியும்கூட மாறுகின்றன. ஏர் பிஸ்டலில் பக்கவாட்டில் நின்று ஒரு கையால் சுடுகிறோம். ஆக்‌ஷன் போட்டியில் நேராக நின்று, முழங்காலை லேசாக மடக்கி, இரண்டு கைகளாலும் பிடித்து, பின்னுதைப்பைத் தாங்குகிறோம். பின்னுதைப்பைத் தாங்கும் வித்தையை ஏர் பிஸ்டல் கற்றுத்தரவே தராது. இவ்வளவும் இருந்தும், வேகத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்வது எளிது, தவறான ட்ரிகர் பழக்கத்தைப் பின்னால் களைவது கடினம் என்பதே நான் கண்டது. நான் கண்டது சில பத்துப் பேரை மட்டுமே என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பிறந்தவருக்கு இன்னொரு வகையில் ஒரு முன்தொடக்கம் உண்டு. சிறுவயதில் தக்கலைக்கு அருகே ஓர் ஆசானிடம் இரண்டு ஆண்டு அடிமுறை என்ற நம் பகுதித் தற்காப்புக் கலையைக் கற்றேன். கம்பைக் கையில் தருவதற்கு முன் பல மாதம் சுவடு, அதாவது கால்வைப்பு, மட்டுமே போடவைத்தார். கால் எங்கே ஊன்றப்போகிறது என்று தெரியாமல் உடலை நகர்த்தாதே என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார். இருபது ஆண்டுகளுக்குப் பின் மெல்போர்ன் சுடுதளத்தில் பயிற்சியாளர் சொல்லித்தந்த நடையும் அதுவாகவே இருந்தது. அடுத்த நிலைக்கு ஓடிச்சென்று திடும் என்று நின்றால் உடல் குலுங்கும், குறி அடங்க அரை விநாடி ஆகும். கடைசி இரண்டு அடியில் இடுப்பைத் தாழ்த்தி, காலை மெதுவாக ஊன்றி நுழைந்தால், கால் நிற்பதற்கு முன்பே குறி நின்றிருக்கும். போட்டியில் நேரம் மிச்சமாவது பெரும்பாலும் இங்கேதான், விரல் வேகத்தில் அல்ல. சிலம்பமோ அடிமுறையோ கற்றிருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். கற்றிருக்கவில்லை என்றால், வீட்டு முற்றத்தில் மூன்று கற்களை வைத்து, வெறுங்கையோடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய் நிற்பதைப் பழகலாம். அதற்கு எந்த லைசென்ஸும் வேண்டாம்.

வெற்றுச் சுடுதல், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுவது, இரண்டாவது வீட்டுப் பயிற்சி. போட்டிக்கான ஏர் பிஸ்டல்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கும். ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து, இலக்கே இல்லாமல், நாளுக்கு இருபது நிமிடம் போதும். சுவரின் பின்னணியில் குழல் முனையிலுள்ள முன்குறி அசையாமல் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. தொடங்கும் முன் பெல்லட் (ஏர் பிஸ்டலின் குண்டு) டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழலைத் திறந்து இருமுறை பாருங்கள். சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. பயிற்சி முடிந்ததும் முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்லி, பிஸ்டலைப் பெட்டியில் பூட்டுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று மீண்டும் எடுக்கும்போதுதான் விபத்துகள் நேர்கின்றன. அசல் போலத் தோன்றும் பிளாஸ்டிக் துப்பாக்கியை இணையத்தில் வாங்கிப் பழகலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வெளிநாடுகளில் ஆக்‌ஷன் ஏர் என்ற பெயரில் 6 மி.மீ. பிளாஸ்டிக் மணிகளைக் கொண்டு ஐபிஎஸ்சி போட்டிகளே நடக்கின்றன. அது மதிக்கத்தக்க பிரிவு. ஆனால் முறையான சங்கமும் தளமும் இல்லாத இடத்தில் அத்தகைய ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் நிற்பது உங்களுக்கும் ஆபத்து, பார்ப்பவருக்கும் அச்சம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏர் பிஸ்டல் வாங்கும் நிலை வந்தால் நம் மாவட்டத்தின் காற்றை மறந்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குண்டு, கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்கிறது. கைவியர்வை பட்ட இரும்பைத் துடைக்காமல் பெட்டியில் வைத்தால் நாலைந்து நாளில் துரு பூத்துவிடும். ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிப்புறத்தில் மிக மெல்லிய எண்ணெய் தடவி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். தோலுறையில் வைத்துப் பாதுகாப்பது சரியல்ல, தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். முதல் ஆறு மாதமாவது சொந்தப் பிஸ்டல் வாங்காமல் கிளப்பின் பிஸ்டலிலேயே சுடுங்கள். உங்கள் உள்ளங்கைக்கு எந்த அளவுப் பிடி பொருந்தும் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது தடையே அல்ல. துப்பாக்கியில் முன்குறி, பின்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. தெளிவாகத் தெரிய வேண்டியது முன்குறி மட்டுமே, இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி. கிட்டப்பார்வைக்காகத் தூரத்துக் கண்ணாடி போடும் பலருக்கு முன்குறி தானாகவே நன்றாகத் தெரியும். ஆக்‌ஷன் போட்டியிலோ, பார்வை நன்றாக இருப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே ஆக வேண்டும். இரும்புத் தகட்டிலிருந்து ஈயத்துணுக்கு திரும்பித் தெறிக்கும் என்பதால்தான் தகடுகளை 7 மீட்டருக்குக் குறையாத தூரத்திலிருந்தே சுடவேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கண் மேலோங்கியது என்பதை மட்டும் இப்போதே பார்த்துவையுங்கள்: இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தொலைவிலுள்ள ஒரு தென்னையின் உச்சியைப் பாருங்கள், ஒவ்வொரு கண்ணாக மூடினால், எந்தக் கண் திறந்திருக்கும்போது உச்சி இடைவெளியிலேயே நிற்கிறதோ அதுவே உங்கள் மேலோங்கிய கண். அது பிஸ்டல் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கமாக இருந்தால் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நிற்கும் கோணத்தை அதற்கேற்ப அவர் மாற்றித்தருவார். அந்த முதல் நாளுக்குப் புதுக் கண்ணாடி எதுவும் செய்துகொள்ளாமல், தினமும் அணிகிற கண்ணாடியோடும், ஆதார் அட்டையின் நகலோடும், அடிப்பாகம் தட்டையான காலணியோடும் போங்கள்.